எந்தக் கப்பலில் வந்தான்

இத்தனை மாதத்துக்குள் இத்தனை புத்தகம் படித்து முடிக்க வேண்டும் என்று எங்காவது ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பேனா இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு வாங்கியாவது பேரை எழுதிவிட்டுத்தான் மறு வேலை. இதுவரைக்கும் ஏழு போட்டியில் சேர்ந்திருக்கிறேன். ஒன்றையும் முடித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் முதல் போட்டியிலேயே பட்டுத் தீர்த்துவிட்டேன்.

முடிக்காமல் விடுவது எனக்குப் புத்தகத்தோடு வந்த பழக்கமல்ல. எங்கள் வீட்டு வாசலுக்கு மேலே 'நல்வர' என்று பூவேலை செய்த துணி ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் தொடங்கியது. கடைசி எழுத்துக்கு நூல் இருந்தது, இடம் இருந்தது, நாளும் இருந்தது. நான்தான் இல்லை. அப்பா ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் அதை அப்படியே சட்டம் போட்டு வந்தார்.

"இருக்கட்டும் அம்மிணி. வர்றவிய பாத்துத் தெரிஞ்சுக்கட்டும், இந்த ஊட்டுப் பொண்ணு எப்படின்னு" என்றார். நான் பாதி பின்னிய கூடை ஒன்று கோழி அடைகாக்க உபயோகமானது. அதையும் வருகிறவர்களிடம் காட்டுவார்.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எருத்தேன்பதி போகிற வழியில் இருந்தது. கடலைக்காயும் சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், பொள்ளாச்சி பஸ்ஸில் தமிழ். சர்க்கார் காகிதம் வந்தால் மட்டும் மலையாளம். கேரளம் என்று பேர் மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. அதைக்கூட நான் முடித்ததாக அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், அதுவாக முடிந்தது என்பார்.

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் ஒரு வாசகசாலை இருந்தது. மலையாளத்தில் வாயனசாலை. எங்கள் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கூடம், ஒரு நீள மேஜை, பெஞ்சுகள், மூன்று கண்ணாடி அலமாரி. இரண்டு மலையாளம். மூலையில் ஒரு கால் ஆடிக்கொண்டு நிற்பது தமிழ். மூன்றுக்கும் சாவி காரியதரிசியிடம். அவர் சித்தூர்ப் பக்கத்து மலையாளி, வாசகசாலைக்கு எதிரிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். தமிழ் மளமளவென்று பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் தமிழ்ப் புத்தகங்களின் முதுகில் நம்பர் எழுதி ஒட்டியிருந்தார். நம்பர் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை நம்பர் மறந்துபோய், "பெரிய கதைப் புஸ்தகமா ஒண்ணு குடுங்க" என்றேன். தடிமனைப் பார்த்து, கறவை மாட்டு வியாதிகளைப் பற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். அதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதி படித்தேன்.

சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவர் கை கிரீஸில் இருக்கும். டியூப் ஒட்டி முடித்து, கையைத் துடைத்து, அவர் எழுந்து வரும்வரை ஒரு பெண்பிள்ளை கடைவீதியில் சைக்கிள் கடை முன்னால் நிற்க வேண்டும். நின்றால், போகிற வருகிறவர்கள் எல்லோரும் "என்ன அம்மிணி, பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு நடையைக் கட்டிவிடலாம் போல எரிச்சல் வரும். ஆனாலும் நிற்பேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பெண்கள் உறுப்பினராக வேண்டுமானால் வீட்டு ஆண் ஒருவர் நோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வருஷா வருஷம் புதிதாகப் போட வேண்டும். அப்பா அந்தக் கையெழுத்தை என்னமோ பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோல நினைத்தார்.

அப்படி இருக்கும்போதுதான், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வாசகசாலைக் கதவில் காகிதம் ஒட்டினார்கள். மேலே மலையாளம், கீழே தமிழ். விஜயதசமி தொடங்கி சித்திரை பிறப்பதற்குள் தமிழ் அலமாரியிலிருந்து முப்பது புத்தகம் படித்து முடிக்க வேண்டும். சித்தூரிலிருந்து தமிழ் வாத்தியார் வந்து ஏதாவது மூன்று புத்தகத்தில் கேள்வி கேட்பார். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறவருக்கு அந்த அலமாரியின் சாவி ஒரு வருஷத்துக்குச் சொந்தம். வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறந்துவைத்துக் கேட்கிறவர்களுக்குப் புத்தகம் கொடுத்து வாங்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் வாசகசாலை ஆள் ஆகிவிடுவதால் அவருக்கு ஜாமீன் தேவையில்லை.

காரியதரிசி அந்த அலமாரியை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாவி என்ற வார்த்தையிலேயே என் கண் நின்றுவிட்டது. யார் கையெழுத்தும் வேண்டாம், சைக்கிள் கடை முன்னால் நிற்கவும் வேண்டாம். அந்த அலமாரியில் மொத்தமே முப்பத்திநாலு புத்தகம்தான், முப்பது படிப்பதென்றால் கிட்டத்தட்ட அலமாரியையே படிப்பதென்று அர்த்தம், அதில் கறவை மாடும் அடக்கம் என்பதையெல்லாம் யோசிக்கவேயில்லை. பக்கத்தில் நின்ற தையல்கடைக்காரரின் பென்சிலை வாங்கிப் பேரை எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் அன்று சாயங்காலமே விஷயம் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. சோளத்தட்டு அடுக்கிக்கொண்டே பேசினார்.

"இதையாச்சும் முடிச்சீன்னா வருஷா வருஷம் நானே வந்து கையெழுத்துப் போடறேன். முடிக்காட்டி, அதே நோட்டுல என்ற கையெழுத்த நானே அடிச்சுப்போட்டு வந்துருவேன். அப்பறம் புஸ்தகம்ங்கற பேச்சே இந்த ஊட்டுல இருக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றேன். அந்த வேகத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பதினோரு பேர் சேர்ந்தோம். கார்த்திகைக்குள் நாலு பேர் விலகினார்கள், மார்கழிக்குள் இன்னும் ஐந்து. தையல்கடைக்காரர் மட்டும் பொங்கல் துணி தைக்கிற நெருக்கடியிலும் பதினாலு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, அதற்குமேல் கண் எரிகிறதென்று விட்டுவிட்டார். தை பிறந்தபோது மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. நான் முடித்திருந்தது ஆறு. ஆளில்லாத பந்தயத்தில் தோற்பதைவிட அவமானம் வேறில்லை. அப்படித் தோற்கப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

தை மாதத்தில் எங்கள் சாளையில் விதைக்கடலை உரிக்க ஆரம்பிப்பார்கள். சாளை என்றால் தோட்டத்துக் கொட்டகைதான். கோடை மழைக்கு விதைக்க வேண்டிய கடலை, ஆகவே பருப்பு உடையாமல், தொலி கிழியாமல் கையாலேயே உரிக்க வேண்டும். மத்தியானச் சோறு ஆனதும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்துகொள்வோம். ஆளுக்கொரு கூடை. பொழுது சாயும்போது கூடை காலியாக வேண்டும். கட்டை விரல் நுனி கன்றிப்போய், ராத்திரி சோற்றில் ரசம் ஊற்றினால் சுரீர் என்னும். அந்தக் கையால் புத்தகத்தைத் திருப்பவும் முடியாது.

மூன்றாம் நாள் அண்ணி என் கூடையைத் தன் பக்கம் இழுத்தார்.

அண்ணி என்றால் என் அண்ணனுடைய பெண்சாதி. எனக்கு ஆறு வயது மூத்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நூறு வரைக்கும் எண்ணுவார், பஸ் நம்பர் பார்த்து ஏறுவார், எழுத்து ஒன்றும் தெரியாது. வாய் கொஞ்சம் துடுக்கு. அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் சண்டை வந்ததும் கடிதம் நின்றது, அதோடு சரி. பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாததால் அண்ணியின் அம்மா தாலியும் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தார். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அது சரி என்றார்கள், பாதிப்பேர் தப்பு என்றார்கள். கல்யாண வீடுகளில் அந்த அம்மாவை எங்கே உட்காரவைப்பது என்பதில் எப்போதும் ஒரு குசுகுசுப்பு இருக்கும்.

"உன்ற கூடையையும் நானே உரிச்சுப்போடறேன். நீ படி. ஆனாச் சத்தமாப் படிக்கோணும். எனக்குக் கேக்கோணும்" என்றார் அண்ணி.

"ரெண்டு கூடைங்களா அண்ணி? உங்களால முடியுமா?"

"அத நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு. முழுசாப் படிக்கோணும். நடுவுல முழுங்கப்படாது."

எனக்கு நம்பவே முடியவில்லை. என் விரலும் பிழைத்தது, போட்டியும் பிழைத்தது. சாயங்காலம் கூடைகளைப் பார்க்க வருகிற அப்பாவும், கூடை காலியாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே அலமாரி நம்பர் வரிசைப்படி இரண்டு மாதம் படித்தேன். ஜமீன்தார் கதை படித்தேன். துப்பறியும் கதை ஒன்று படித்தேன், கொலை செய்தது யார் என்பதை என்னைவிட நாற்பது பக்கம் முன்னாலேயே அண்ணி சொல்லிவிட்டார். ஒன்பதாம் நம்பர் தேனீ வளர்ப்பு. அதை எடுத்தபோது நான் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் ஆரம்பித்தேன். சாளையில் இருந்த பெண்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்துப்போயிற்று. இரண்டு அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். கறவை மாட்டு வியாதியை எங்கள் செவலைப் பசுவுக்குப் பொருத்திப் பார்த்து ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள்.

இதில் ஒரு விசித்திரம். படித்தது என் வாய்தான். என் தலைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. கண் வரிமேல் இருக்கும், வாய் அதைச் சொல்லும், மனசு பக்கத்தின் மூலையில் இருக்கிற நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நூற்றுப்பன்னிரண்டு, இன்னும் அறுபது இருக்கிறது. நூற்றிருபது, இன்னும் ஐம்பத்திரண்டு. ஒரு புத்தகம் முடிந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் கரிக்கோடு ஒன்று போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். அண்ணி அப்போது முடிந்த கதையைப் பற்றி ஏதாவது பேச வருவார். "அப்பறம் பேசலாமுங்க அண்ணி" என்பேன். அந்த அப்பறம் வந்ததேயில்லை.

பங்குனியில் இருபத்திரண்டாம் நம்பர் வந்தது. நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. கீழத்தஞ்சைப் பக்கத்து ஆள் ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ரங்கூனுக்குப் பிழைக்கப் போகிற கதை. ரங்கூன் என்ற வார்த்தை வந்ததும் அண்ணியின் கை நின்றது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்து, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் கை நின்றால் என் கூடை காலியாகாது, கூடை காலியாகாவிட்டால் அப்பா கேட்பார்.

நூற்றி நாற்பதாம் பக்கத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. சித்திரைக்கு இருபது நாளே இருந்தது. இதையும் சேர்த்து இன்னும் ஒன்பது புத்தகம். நான் ஒரு கொத்தாகப் பக்கத்தைத் திருப்பினேன். எழுபத்திரண்டு பக்கம். திரும்பின இடத்தில் அவன் ஊருக்கு வந்து, தன் வீட்டு வாசலில் நின்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மூச்சுவிடாமல் அங்கிருந்து படித்தேன்.

"சித்த நில்லு" என்றார் அண்ணி. "குண்டு விழுந்துச்சு. அப்பறம் இவன் எப்ப வந்தான்?"

"வந்துட்டானுங்க."

"எந்தக் கப்பல்ல வந்தான்?"

"ஏதோ ஒரு கப்பல்ல. கதைதானுங்களே அண்ணி. வந்துட்டான், விடுங்க."

"சண்டை நடக்கறப்போக் கப்பல் ஏது? புஸ்தகத்துல என்ன போட்டிருக்குது, அதப் படி."

"எனக்கு இன்னும் ஒம்போது இருக்குதுங்க. நீங்க கேக்கற கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்லீட்டிருந்தா அடுத்த சித்திரைக்குத்தான் முடியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

 அண்ணி தன் மடியில் உரிக்காமல் கிடந்த கடலைக்காயை இரண்டு கையாலும் வாரி என் கூடையில் போட்டு, கூடையை என் முன்னால் தள்ளினார்.

"உன்றத நீயே உரிச்சுக்க."

அண்ணியின் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த அம்மாவின் நெற்றிப் பொட்டை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் எழுபத்திரண்டு பக்கத்தைத் தாண்டினேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஓடாததைச் சொல்லி என்ன, நான் கல்நெஞ்சுக்காரி.

மிச்சத்தை நான் தனியாக, மனசுக்குள், காலையில் அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்தேன் என்று சொல்லக்கூடாது. முதலில் பத்துப் பக்கம், கடைசியில் பத்துப் பக்கம், நடுவில் எங்காவது ஒரு சாவு இருந்தால் அது. மத்தியானம் என் கூடையை நானே உரித்தேன். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கூடையை உரித்தார்.  சுவரில் முப்பதாவது கோடு போட்டபோது விரலில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் கோடு போட்டாயிற்றே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரீட்சை. அப்பா சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வந்தார். சாதாரணமாக அவர் பேனா வைத்துக்கொள்கிற ஆள் அல்ல. அண்ணியை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே தலையைச் சீவிக்கொண்டு வந்து, எங்களுக்குப் பத்தடி பின்னால் நடந்தார். வாசகசாலையில் கதவோரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தையல்கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

தமிழ் வாத்தியார் நல்ல மனுஷன். மெதுவாகப் பேசினார். முதலில் ஒன்பதாம் நம்பரைக் கையில் எடுத்தார்.

"கூட்டில் ராணித் தேனீ செத்துப்போனால் மற்ற தேனீக்கள் என்ன செய்யும்?"

நான் படித்திருக்கிறேன். இரண்டு தடவை படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் நம்பர் முப்பத்தெட்டு என்பதுகூட ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. மேஜையின் மரத்தில் இருந்த ரேகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அழுதுட்டு ஒக்காந்திருக்காதுங்க" என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல். "ரொம்பச் சின்னக் குஞ்சா ஒண்ணப் பொறுக்கி, அதுக்கு மட்டும் தனியா நல்ல தீனி ஊட்டி, அதையே ராணி ஆக்கிப்போடும்."

"நான் உங்களைக் கேட்கவில்லையே அம்மா" என்றார் வாத்தியார். ஆனால் தலையை ஆட்டி, மிச்சத்தையும் பார்ப்போம் என்றார்.

இரண்டாவது கேள்வி ஜமீன்தார் கதையில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் எதற்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள்? கிணற்றுக்காக. அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் எங்கள் பங்காளிகளும் கிணற்றுக்காகத்தான் போயிருந்தார்கள். அப்பா பேனா மூடியைக் கழற்றப்போன கையைக் கீழே விட்டார்.

மூன்றாவதாக இருபத்திரண்டாம் நம்பரை எடுத்தார் வாத்தியார். அது அவருக்குப் பிடித்த புத்தகமோ என்னவோ, அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ரங்கூனில் குண்டு விழுகிறது. அப்புறம் அவன் எப்படி ஊருக்கு வந்து சேர்ந்தான்?"

"கப்பல்லதானுங்க" என்றேன்.

"கப்பலிலா?"

"ஆமாங்க. கப்பல்தானுங்க."

"எந்தக் கப்பல்?"

அட்டையைப் பார்த்தேன், அதில் கப்பல் படம் ஏதும் இல்லை.  கதவோரத்திலிருந்து அண்ணி சொன்னார்:

"அதையேதானுங்க நானும் இவகிட்டக் கேட்டேன். சொல்ல மாட்டேங்குறா. அந்த எடத்த இவ படிக்கலீங்க. தாண்டிப்போட்டா."

தையல்கடைக்காரர் "அடடா" என்றார். அப்பா பேனா மூடியைக் கழற்றினார். எனக்கு அண்ணியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம். அதைவிடப் பெரிதாக வெட்கம். 

வாத்தியார் அண்ணியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "நீங்கள் எத்தனை புத்தகம் படித்தீர்கள்?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. இவ படிச்சா, நான் கடலைக்காய் உரிச்சுக்கிட்டே கேட்டேன். இருபத்தியொண்ணு வரைக்கும் கேட்டாச்சு. தை மாசத்துக்கு முன்னால இவளாப் படிச்ச ஆறு மட்டும் கேக்கல. இருபத்திரண்டு பாதியில நிக்குது."

வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். கொலை செய்தது யார், தோல்பையில் இருந்தது என்ன, மாட்டுக்கு வயிறு உப்பினால் முதலில் என்ன செய்ய வேண்டும். அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சிலவற்றுக்குக் கதையில் வருகிறவர்கள் செய்தது தப்பு, என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்பா பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படித்தவளுக்கு நினைவில்லை. நினைவிருக்கிறவருக்குப் படிக்கத் தெரியாது. விதிப்படி யாருக்கும் இல்லை" என்றார்.

காரியதரிசிக்கு முகம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் அந்த அலமாரியைத் தூக்கிச் சுமக்க அவர் தயாராக இல்லை. அண்ணியிடம் வந்து, "நம்பர் வாயிக்கான் அறியுமோ? நம்பர் தெரியுமா?" என்றார்.

"பஸ் நம்பர் பாத்துத்தானுங்க ஏறறேன். நூறு வரைக்கும் தெரியும்."

"மதி. அது போதும்." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

"எழுத்துத் தெரியாதவங்க கையில் புத்தக அலமாரிச் சாவியா?" என்றார் வாத்தியார்.

"எனிக்கும் தமிழ் எழுத்து அறியில்லல்லோ சாரே. மூணு வருஷமா ஞான் கொடுக்கலையா?"

வாத்தியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நோட்டைக் கொண்டுவந்தார்கள். அப்பா முதலில் தன் வேலையை முடித்தார். என் பேருக்கு எதிரே இருந்த தன் கையெழுத்தை, ஸ்கேல் கேட்டு வாங்கி, நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அடுத்த பக்கத்தில், தமிழ் அலமாரி என்று எழுதியிருந்த இடத்தில், அண்ணி கட்டை விரல் ரேகை வைத்தார். உரித்து உரித்துத் தேய்ந்துபோன விரல், அதனால் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை வைக்கச் சொன்னார்கள்.

"இதுல என்ற கையெழுத்து வேண்டாமுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"வேண்டா" என்றார் காரியதரிசி.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் போய்விட்டார். நான் அழுதுகொண்டே நடந்தேன். வழியில் எருமை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"காட்டிக் குடுத்துப்போட்டீங்களே அண்ணி. உங்களால எனக்குப் புஸ்தகமே போச்சு."

"ஆமா, காட்டித்தான் குடுத்தேன்" என்றார் அண்ணி. "நீ படிக்காததப் படிச்சேன்னு சொன்னா எனக்குப் பத்தீட்டு வருது. ஆனா உனக்கு எங்கடி போச்சு புஸ்தகம்? நீ படிக்காட்டி நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

முந்தானை முடிச்சில் சாவி இருந்தது. கக்கத்தில், சேலைக்குள், இருபத்திரண்டாம் நம்பர் இருந்தது. அண்ணி சாவி வாங்கியதும் முதலில் எடுத்த புத்தகம் அது. அதை என்னிடம் நீட்டினார்.

"எழுபது பக்கமாமே? வாத்தியார் சொன்னாரு. மாமா ஊட்டுலதான இருக்கப்படாதுன்னாரு, சாளையில இல்லியே. நாளைக்கு மத்தியானம் அங்கிருந்து படி. அப்பறமா என்ற மேல கோவிச்சுக்க."

மறுநாள் சாளையில் நாங்கள் இருவர்தான். விதைக்கடலை அநேகமாக முடிந்துவிட்டது, என் கூடையில் அரைக்கூடையும் அண்ணி கூடையில் கொஞ்சமும் மிச்சம். நூற்றி நாற்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை பக்க நம்பரைப் பார்க்கவில்லை.

அவன் கப்பலில் வரவில்லை. கப்பலில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. நடந்து வந்திருந்தான். நான் தாண்டிய எழுபத்திரண்டு பக்கமும் அவன் நடந்ததுதான். மலை, காடு, சேறு, மழை. அவனோடு புறப்பட்டவர்கள் நாற்பது பேர். ஒவ்வொருவராகப் பாதையோரம் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மில்லில் கூட வேலை செய்த ஒருவர், மகளுக்கென்று வாங்கிய கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றி இவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அண்ணி "படி" என்றார். படித்தேன். இப்படி மூன்று மத்தியானம் ஆயிற்று. அண்ணி ஒரு கடலைக்காய்கூட உரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் தன் வீட்டு வாசலில் வந்து நின்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். நான் முன்னே வந்து சேர்ந்த இடத்துக்கு வந்தாயிற்று. நிமிர்ந்து பார்த்தேன்.

"எத்தனை நாள் நடந்தான்?" என்றார் அண்ணி.

பக்கங்களைப் பின்னால் திருப்பிக் கணக்குப் போட்டேன். "ரெண்டு மாசத்துக்குப் பக்கமாகுதுங்க அண்ணி."

"ரெண்டு மாசம்." அண்ணி கையிலிருந்த கடலைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பல் இல்லாமத்தான் வரலியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நடந்தாலும் ரெண்டு மாசந்தானா."

நான் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன். 

"அப்ப எங்கப்பன் வரமாட்டாரு அம்மிணி" என்றார். அழவில்லை. அந்தக் கடலைக்காயை உரித்து, பருப்பை விதைக் குவியலில் போட்டார். "பொறவு என்ன ஆச்சு? மீதியப் படி."

இன்னும் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். சுவரில் கோடு போடவில்லை.